பழைய வண்டியில இஞ்செக்ஷன் மாத்துறீங்களா? முதல்ல டேங்கை இறக்குங்க

பழைய மாருதி ஜென், எஸ்டீம், 800 எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்கு பதிலா இஞ்செக்டர் வச்சு பெட்ரோலைப் பீச்சுற வண்டி) வச்சிருக்கிற பசங்க இப்போ வீட்டு வாசல்லயே பம்ப், ரெயில் (இஞ்செக்டர்களுக்கு பெட்ரோல் பிரிச்சுக் குடுக்கிற குழாய்), இஞ்செக்டர் எல்லாம் கழட்டி மாத்த ஆரம்பிச்சிருக்காங்க, சந்தோஷம்தான், ஆனா எவன் பானெட்டுக்குள்ள எட்டிப் பார்த்தாலும் அந்தக் காலத்துல நாங்க அடிச்ச அதே கூத்துதான் நடக்குது. பேட்டரி நெகட்டிவ் கழட்டு, பக்கத்துல பீடி பத்த வைக்காதேன்னு நான் பாடம் எடுக்கப் போறதில்ல. அது தெரியலன்னா ஸ்பேனரையே தொட வேணாம்.

அழுக்கு டேங்க்ல புது பம்ப்

இதைப் பார்த்தாத்தான் எனக்கு இன்னமும் பத்திக்கிட்டு வருது.

தாம்பரம் பக்கம் ஒரு தம்பி, 2001 மாடல் ஜென், ரெண்டு மழைக்காலம் மரத்தடியிலயே நின்ன வண்டி. ஜி.பி. ரோட்டுல புது பம்ப், ஃபில்டர், நாலு இஞ்செக்டர் வாங்கி அவரே மாட்டியிருக்காரு, வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. சிட்டிக்குள்ள ஜம்முனு ஓடியிருக்கு. ஏலகிரி ஏறும்போது பாதி கொண்டை ஊசி தாண்டினதும் புல்லிங் செத்துடுச்சு, ஆக்ஸிலேட்டரை மிதிச்சா திக்குது, ஓரங்கட்டி டீ குடிச்சுட்டு வந்து சாவி போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஏறுது, ரெண்டு வளைவு போனா மறுபடியும் அதே கதை. ஊருக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். ஒருத்தர் காயில்னாரு, இன்னொருத்தர் த்ராட்டில் சென்சார்னாரு, கடைசியில புதுப்பேட்டையில பழைய ஈசிஎம் (இன்ஜினை ஓட்டுற கம்ப்யூட்டர்) ஒண்ணு தேடி வாங்கி அதையும் மாட்டிப் பார்த்தாச்சு. என்கிட்ட வந்தப்போ டேங்கை இறக்கினியான்னு மட்டும்தான் கேட்டேன். "இல்லண்ணே, பம்ப்தான் புதுசாச்சே"ன்னாரு.

பம்ப்பை வெளிய எடுத்தா, அடியில மாட்டியிருக்கிற ஸ்ட்ரெய்னர், அதாவது வலை ஃபில்டர், வெள்ளையா இருக்க வேண்டியது காவி நிறத்துல இருக்கு, விரலால தேய்ச்சா ரேகைக்குள்ள எல்லாம் துரு. வண்டி ஓடும்போது பம்ப் உறிஞ்சுற உறிஞ்சுல டேங்க் அடியில கிடக்கிற தூசி மொத்தமும் ஸ்ட்ரெய்னர்ல ஒட்டிக்கும், ஆஃப் பண்ணினா கொஞ்ச நேரத்துல உதிர்ந்து கீழ விழுந்துடும், அதனாலதான் டீ குடிச்சுட்டு வந்தா வண்டி குணமான மாதிரி நடிக்குது. ஐட்லிங்குக்கு வேண்டிய பெட்ரோல் கொஞ்சம்தான், அது எப்படியும் வந்துடும், மலையில மிதிக்கும்போதுதான் பத்தாது. இதுக்கு நடுவுல பம்ப்பும் வீணாகுது, ஏன்னா அதைக் குளிர வைக்கிறதும் அதுக்கு ஆயில் மாதிரி வேலை செய்றதும் உள்ள ஓடுற பெட்ரோல்தான். ஃபில்டரையும் தாண்டிப் போற நுண்ணிய துரு இஞ்செக்டர் வாயில போய் உட்காரும். ஆக மொத்தம் புதுசா போட்ட எல்லாமே காலி.

இப்போ பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணியை இழுக்கும், ரொம்ப இழுத்துட்டா பெட்ரோல்ல இருந்து பிரிஞ்சு தண்ணியோட அடியில போய் தங்கும், பம்ப் உறிஞ்சுறதும் அந்த அடியிலதான். அதோட டேங்க்ல வருஷக்கணக்கா படிஞ்சிருக்கிற பிசினையும் அது கரைச்சு விடும். நின்னு போன பழைய வண்டின்னா இது இன்னும் மோசம்.

அதனால முதல் வேலை, டேங்க்ல மிச்சம் இருக்கிறதை ஒரு கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் பிடிச்சு ஓரமா வைங்க. அடியில தூள் தங்கினாலோ தனியா ஒரு லேயர் நின்னாலோ பழைய பெயின்ட் வாடை அடிச்சாலோ டேங்க் கீழ இறங்கணும், வேற பேச்சே இல்ல. சோப்புத் தண்ணி, அப்புறம் துரு எடுக்கிற லிக்விட், நட்டு நாலு போட்டு நல்லா குலுக்கி, போட்ட நட்டை எண்ணி வெளிய எடுத்து, அலசி, நல்லா காய வச்சு, காஞ்ச உடனே பெட்ரோல் விட்டு உள்பக்கம் முழுக்க நனைச்சுடணும், இல்லன்னா மறுநாளே மறுபடி துரு பிடிக்கும். ஓட்டை இருந்தா வீட்டுல வெல்டிங் வைக்கிற எண்ணமே வேணாம், காலி டேங்க்னு நினைப்பீங்க, உள்ள பெட்ரோல் ஆவி நிக்கும், வெடிச்சா ஆளே இருக்க மாட்டீங்க. பெட்ரோல் லைனை ரெண்டு முனையும் கழட்டிட்டு ஏர் அடிங்க, ரெயில் மாட்டினபடியே அடிச்சா அழுக்கை நீங்களே இஞ்செக்டருக்கு ஊட்டி விட்ட மாதிரி. ஃபில்டர் ரெண்டு வாங்கி வச்சுக்குங்க, முதல்ல போட்டதை சில நூறு கிலோமீட்டர்ல தூக்கிப் போட்டுடலாம்.

கேஜ் இல்லாம ஜோசியம் பார்க்கிறது

அந்தத் தம்பி ஈசிஎம்முக்குக் குடுத்த காசுல பாதிக்கும் கம்மியா ஒரு ஃப்யூயல் பிரஷர் கேஜ் வந்திருக்கும். ரெயிலுக்கு முன்னாடி மாட்டி ஓட்டிப் பாருங்க. இந்தப் பழைய எம்பிஎஃப்ஐ வண்டிங்க பொதுவா 2.5-ல இருந்து 3 பார் பக்கம் ஓடும், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு சர்வீஸ் மேனுவல்ல பார்த்துக்குங்க. ரெகுலேட்டர்ல (பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்துறது) வேக்குவம் ஹோஸ் இருந்தா ஐட்லிங்ல அதைக் கழட்டுங்க, முள் அரை பார் பக்கம் ஏறணும். மிதிக்க மிதிக்க முள் இறங்கிக்கிட்டே போச்சுன்னா பெட்ரோல் வரத்துலதான் கோளாறு, சென்சார் கடைக்குப் போகாதீங்க.

கார்புரேட்டர் ஹோஸ்

கார்புரேட்டர் வண்டி பம்ப் அரை பார்கூட குடுக்காது. அந்த ஹோஸை இஞ்செக்ஷன் வண்டியில போட்டா இன்னைக்கு நிக்கும், ஒரு நாள் வெடிச்சு சூடான இன்ஜின் மேல பீச்சும். ஹோஸ் மேல ஆர்9-னு (இஞ்செக்ஷன் பிரஷரைத் தாங்குற ரகம்) அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. டேங்க்குக்குள்ள பெட்ரோல்ல முங்கி இருக்கிற துண்டுக்கு அதுவும் ஆகாது, அதோட வெளிப்பக்க ரப்பர் ஊறிப் போயிடும், அங்க ஆர்10 வேணும்.

ரெசிஸ்டன்ஸ் பார்க்காம இஞ்செக்டர் வாங்குறது

சாக்கெட் மாட்டுதுங்கிறதுக்காக வாங்கிடாதீங்க. மீட்டர் வச்சுப் பாருங்க. ஹை இம்பீடன்ஸ், அதாவது ரெசிஸ்டன்ஸ் அதிகமான ரகம்னா 12-ல இருந்து 16 ஓம் வரும். அதுக்கு பதில் ரெண்டு மூணு ஓம் இஞ்செக்டரை மாட்டினா ஈசிஎம் டிரைவர் புகைஞ்சுடும், அப்போ நிஜமாவே ஈசிஎம் வாங்கணும்.

பழைய ஓ-ரிங்

இஞ்செக்டர்ல வர்ற ரப்பர் வளையம், பழசைப் போடாதீங்க. புதுசுல ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி, திருகிக்கிட்டே உள்ள விடுங்க. சிலிகான் பேஸ்ட் வேணாம்.

பிரஷர் இறக்காம லைன் கழட்டுறது

பம்ப் ஃபியூஸை உருவிட்டு, இன்ஜின் தானா ஆஃப் ஆகுற வரைக்கும் ஓட்டுங்க. அப்புறமும் துணி சுத்தித்தான் கழட்டணும்.

மாட்டின உடனே ஸ்டார்ட்

கூடாது. நாலஞ்சு தடவை சாவியை ஆன் பண்ணி ஆஃப் பண்ணுங்க, ஒவ்வொரு தடவையும் பம்ப் ஓடி லைன்ல பிரஷர் ஏத்தும், டார்ச் அடிச்சு ஒவ்வொரு ஜாயின்ட்டா விரல் வச்சுப் பாருங்க. ஈரம் பட்டா செல்ஃப் அடிக்காதீங்க.

டேங்க் கழுவின பெட்ரோல்

சாக்கடையில ஊத்தாதீங்கய்யா. மூடி இறுகின கேன்ல பிடிச்சு கராஜ்ல குடுத்துடுங்க.