ஜியன்ட்4 சிமுலேஷனையும் ரூட் பகுப்பாய்வையும் இணைப்பது எப்படி?

துகள்கள் பொருளுக்குள் போகும் விதத்தைக் கணினியில் நடத்திக் காட்டும் ஜியன்ட்4 மென்பொருளில் டிடெக்டரைக் கட்டியாச்சு, துகள்களும் ஓடுகின்றன, திரையில் தடங்களும் தெரிகின்றன. அடுத்து எல்லோரும் சிக்கிக்கொள்கிற இடம் ஒன்றுதான்: இந்த எண்களை, தரவைப் பகுப்பாய்வு செய்து வரைபடம் போடும் ரூட் மென்பொருளுக்குள் எப்படிக் கொண்டு போவது? உடனே, நிரலைக் கம்பைல் செய்யும் விதத்தைச் சொல்லும் சிமேக் கோப்பைத் திறந்து ரூட் லைப்ரரிகளைச் சேர்க்கப் போகாதீர்கள், பெரும்பாலும் அது தேவையே இல்லை. ஜியன்ட்4-லேயே இருக்கிற அனாலிசிஸ் மேனேஜர், கணினியில் ரூட் இல்லாவிட்டாலும் ரூட் கோப்பை எழுதித் தரும். உங்கள் சொந்த கிளாஸ்களை அப்படியே கோப்பில் வைக்க வேண்டும் என்றால் மட்டும் ரூட்டை நேரடியாக இணையுங்கள். அப்போது இரண்டும் ஒரே சி பிளஸ் பிளஸ் தரத்தில் கம்பைல் ஆகியிருக்க வேண்டும், உங்கள் கிளாஸ்களின் அமைப்பை ரூட்டுக்குச் சொல்லும் டிக்‌ஷனரியும் உருவாக்க வேண்டும்.

சரி, டிடெக்டராக ஒரு சோடியம் அயோடைடு படிகம், எதிரே கதிரியக்க மூலமாகச் சீசியம்-137 என்று வைத்துக்கொள்வோம். வருவது 662 கேஇவி (ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலுள்ள காமா. முழு ஓட்டத்தின் தொடக்கத்தையும் முடிவையும் கவனிக்கும் ரன் ஆக்‌ஷனின் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு என்டியூப்பிள் (வரிகளும் பத்திகளும் கொண்ட அட்டவணை) உருவாக்கி, நிகழ்வு எண் (ஒரு காமாவை அனுப்புவது ஒரு நிகழ்வு), விழுந்த ஆற்றல் என்று இரண்டு பத்திகள் வையுங்கள். படிகத்தில் நடப்பதைப் பதிவு செய்யும் சென்சிட்டிவ் டிடெக்டரில், துகள் நகரும் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் விழும் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே வந்து, நிகழ்வு முடியும்போது ஈவென்ட் ஆக்‌ஷனில் இருந்து ஒரே ஒரு வரியாக எழுதுங்கள். எழுதும்போது கேஇவி அலகால் வகுக்க மறக்காதீர்கள், ஏனென்றால் ஜியன்ட்4 உள்ளுக்குள் எம்இவி-யில்தான் (1000 கேஇவி) கணக்கு வைக்கிறது. வகுக்காமல் விட்டால் கோப்பில் 662-க்குப் பதில் 0.662 உட்கார்ந்திருக்கும், ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கிறவருக்கு அது என்ன அலகு என்றே தெரியாது.

ஆற்றல் பூஜ்யமாக இருக்கிற நிகழ்வுகளை எழுதாமல் விட்டால் கோப்பு சிறியதாகும், உண்மைதான். ஆனால் மொத்தம் எத்தனை காமா அனுப்பினோம் என்ற எண்ணைத் தனியாகச் சேமித்து வையுங்கள், அது இல்லாமல் டிடெக்டரின் திறனைக் கணக்கிடவே முடியாது.

பல த்ரெட்டில், அதாவது வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில், ஓட்டுகிறவர்களுக்கு: எல்லா த்ரெட்டின் வரிகளையும் ஒரே கோப்பில் சேர்க்கும் என்டியூப்பிள் மெர்ஜிங்கை ஆன் செய்யுங்கள், ரன் ஆக்‌ஷனை நிகழ்வுகளை ஓட்டும் வொர்க்கர் த்ரெட்களுக்கு மட்டுமல்லாமல் அவற்றை ஒருங்கிணைக்கும் மாஸ்டருக்கும் பதிவு செய்யுங்கள். நான் ஒருமுறை மாஸ்டரை விட்டுவிட்டேன். இரவு முழுக்க ஓடிய ரன், காலையில் ஒன்றுசேர்ந்த கோப்பே இல்லை. அப்புறம், த்ரெட்டில் நிகழ்வுகள் வரிசை மாறித்தான் வரும். பின்னால் இரண்டு என்டியூப்பிள்களைப் பொருத்த வேண்டி வந்தால் அந்த நிகழ்வு எண் பத்திதான் கைகொடுக்கும்.

இனி ரூட் பக்கம். ரூட்டில் அட்டவணைகளைக் கையாளும் ஆர்டேட்டாஃப்ரேமில் கோப்பைத் திறந்து ஹிஸ்டோகிராம் போட்டால் 662-ல் ஊசி மாதிரி ஒரு கோடு நிற்கும். உண்மையான டிடெக்டர் அப்படிக் காட்டாது. படிகத்தில் விழுந்த ஆற்றலைத்தான் சிமுலேஷன் சொன்னது, ஒளியும் மின்னணுவும் சேர்க்கிற கலங்கலைச் சொல்லவில்லை. அதை நாம் சேர்க்க வேண்டும். இந்தப் படிகத்துக்கு உச்சியின் பாதி உயரத்தில் அகலம் சுமார் 7 சதவீதம், அதாவது 46 கேஇவி, 2.355-ஆல் வகுத்தால் சிக்மா (திட்ட விலக்கம்) கிட்டத்தட்ட 20 கேஇவி. ஒவ்வொரு ஆற்றலுக்கும் காஸியன் ரேண்டம் எண் ஒன்றைச் சேர்த்து, ஆர்டேட்டாஃப்ரேமின் டிஃபைன் கட்டளை மூலம் புதிய பத்தியாக வையுங்கள். சிக்மாவை ஆற்றலின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாற்றினால் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

இந்த வேலையைச் சிமுலேஷனுக்குள் செய்யவே செய்யாதீர்கள் என்பது என் கருத்து. கோப்பில் தூய ஆற்றல் இருந்தால், நாளை அகலம் 7 அல்ல 8 என்று தெரிந்தாலும் ஒரு வரியை மாற்றி நொடிகளில் மறுபடி வரையலாம். கலக்கி எழுதிவிட்டால் ரன்னையே திரும்ப ஓட்ட வேண்டும்.

கடைசியாக, ஆய்வக அளவீட்டோடு ஒப்பிடும் முன் 477 கேஇவி பக்கம் பாருங்கள். காம்ப்டன் விளிம்பு, அதாவது ஒருமுறை சிதறும் காமா எலக்ட்ரானுக்குத் தரக்கூடிய அதிகபட்ச ஆற்றல், அங்கே சரிய வேண்டும். வேறெங்காவது சரிந்தால் முதலில் அலகைச் சோதியுங்கள்.