டியர்டிராப் ட்ரெய்லர் நீங்களே கட்டுகிறீர்களா? நீலகிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லட்டி வழியாக ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. ஏறி வரலாம். அதே 36 கொண்டை ஊசி வளைவுதான், ஆனால் அங்கே உயிர் போவதெல்லாம் பெரும்பாலும் இறக்கத்தில். வீட்டிலேயே டியர்டிராப் கட்டுகிறவர்கள் கோட்டைவிடுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான். "நம்ம தார் ஜீப் இதை இழுக்குமா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இழுக்கும், சந்தேகமே வேண்டாம். கீழே வரும்போது அது பின்னாலிருந்து தள்ளுமே, அதை யார் பிடிப்பது?

டியர்டிராப் என்பது பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. காரின் பின்னால் மாட்டி இழுக்கிற, கண்ணீர்த்துளி வடிவத்தில் இரண்டு பேர் படுக்க ஒரு பெட்டி, பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. 1930களில் அமெரிக்காவில் ஆரம்பித்த வடிவம். எட்டடிக்கு நாலடி ப்ளைவுட்டை அதிகம் வீணாக்காமல் கட்டலாம் என்பதால் வீட்டில் கட்டுகிறவர்களுக்குத் தோதானது.

முதல் தவறு அந்த ப்ளைவுட்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஆசாரி "ஸ்ட்ராங்கா இருக்கட்டும் சார்" என்று 18 எம்.எம். போடச் சொல்வார். எட்டுக்கு நாலு பலகை 12 எம்.எம். என்றால் ஒன்று 20 கிலோவுக்கு மேல், 18 எம்.எம். என்றால் 30 கிலோவைத் தாண்டும். சுவர், தரை, கூரை, அலமாரி என்று கூட்டிப் பாருங்கள். பட்டறைக்காரர் தன் பங்குக்கு லாரிக்குப் போடுகிற இரும்புச் சேனலை எடுத்து வைப்பார். அப்புறம் 40 லிட்டர் தண்ணீர், சிலிண்டர், பேட்டரி, ஸ்பேர் டயர். சுவருக்கு மெல்லிய பலகையும் உள்ளே மரச்சட்டமும் போதும். எடையைக் கையால் தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஊருக்கு ஊர் எடை மேடை இருக்கிறது. பயணத்துக்குப் போகிற சாமான் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போய் நிறுத்துங்கள்.

எடை எவ்வளவு என்பதைவிட எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். டியர்டிராப்பில் அடுப்படி பின்னால் இருப்பதால் தண்ணீர், சிலிண்டர், அரிசி, ஐஸ் பெட்டி எல்லாம் வால் பக்கம் போய்ச் சேரும். அச்சை நட்டநடுவில் வெல்டிங் வைத்துவிட்டால், ஏற்றிய பிறகு வால் கனத்து மூக்கு தூக்கும். இழுக்கிற வண்டியின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தம் குறைந்ததும் ட்ரெய்லர் நாய் வாலாட்டுவதுபோல இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பிக்கும். சமதளத்தில் மெல்ல வேகத்தைக் குறைத்தால் அடங்கும். இறக்கத்தில் ட்ரெய்லரின் தள்ளலும் சேர்ந்துகொள்ள, வளைவில் பிரேக் மிதித்த நொடியில் இழுக்கிற வண்டியின் பின்பக்கத்தையே பக்கவாட்டில் தள்ளிவிடும்.

மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும். 500 கிலோ ட்ரெய்லர் என்றால் 50 முதல் 75 கிலோ. பார்ப்பது சுலபம்: வீட்டில் உடம்பு எடை பார்க்கிற மிஷினைத் தரையில் வைத்து, அதன் மேல் ஹிட்ச் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை நிறுத்தி, ட்ரெய்லர் மூக்கில் பந்தைக் கவ்வும் கப்ளரை அதன் மேல் இறக்குங்கள். வண்டி சமமாக நிற்க வேண்டும், சாமான் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். அச்சை முதலில் கிளாம்ப் போட்டு நிறுத்தி, இதைப் பார்த்து முன்பின் நகர்த்திய பிறகே வெல்டிங். பெட்டியின் நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளித்தான் அது வந்து நிற்கும்.

அடுத்து பிரேக். "சின்ன ட்ரெய்லர்தானே, வண்டி பிரேக்கே போதும்" என்பது மேட்டுப்பாளையத்தோடு முடிந்துபோகிற பேச்சு. ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வருவதற்குள் ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்குகிறோம். அவ்வளவு தூரமும் இரண்டு வண்டியின் எடையை ஒரு வண்டியின் பிரேக் தாங்கினால் சூடேறி, பிரேக் மிதித்தாலும் பிடிக்காமல் போகும். கோவை உக்கடத்தில் பழைய மாருதி ஆம்னி அச்சை வாங்கி வருகிறவர்கள், டிரம்முக்குள் இருக்கும் பிரேக் சாமான்களைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் சக்கரமாக மாட்டுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. கையில் கிடைத்த பிரேக்கையா வீசுவது? முன்வண்டி வேகம் குறைத்ததும் ட்ரெய்லர் தள்ளுகிற தள்ளலிலேயே பிரேக் பிடிக்கும் ஓவர்ரன் கப்ளரோடு அந்த டிரம்மை இணைக்கலாம். ஒன்று மட்டும்: நீண்ட இறக்கத்தில் இந்த வகை பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வரும். தாழ்ந்த கியரில், மெதுவாகத்தான் இறங்க வேண்டும். குன்னூருக்குக் கீழே பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தும்போது இரண்டு சக்கரத்தின் நடு ஹப்புக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பிரேக் சிக்கியிருக்கிறது அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.

ஸ்பிரிங் விஷயத்தில் 'கெட்டியானதே நல்லது' என்ற எண்ணம் வேண்டாம். எடைக்கு மீறிய லீஃப் ஸ்பிரிங் போட்டால் எஸ்டேட் ரோட்டுக் கல்லில் ட்ரெய்லர் குதிக்கும். உள்ளே திருகாணி எல்லாம் கழன்று கிடக்கும். ஷாக் அப்சார்பரும் வேண்டும். சக்கரமும் டயரும் இழுக்கிற வண்டியினுடையதே ஆனால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவும்.

பெட்டிக்கு முன்னால் கப்ளர் வரை நீளும் இழுவைச் சட்டத்தைக் குட்டையாக வைக்காதீர்கள். கொண்டை ஊசியில் ட்ரெய்லரின் மூலை வண்டியின் பம்பரில் முட்டும், ரிவர்ஸ் எடுக்கவும் பிடிகொடுக்காது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலியிலேயே தங்கும். விளக்குக்கு எர்த் தனி ஒயராக வர வேண்டும். ஹிட்ச் பந்து வழியாக எர்த் எடுத்தால் கிரீஸும் துருவும் சேர்ந்து, பந்து அசைகிற ஒவ்வொரு குலுக்கலிலும் பிரேக் லைட் மினுக்கும். மூடுபனியில் பின்னால் வருகிற பஸ்காரருக்கு அந்த லைட்தான் எல்லாம்.

இனி தண்ணீர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்த மலை இது. கமர்ஷியல் ப்ளைவுட் இங்கே ஒரு பருவமழையைத் தாண்டுவதே கஷ்டம். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளை வாங்குங்கள். ஆனால் முத்திரையை நம்பி வெட்டிய ஓரங்களை அப்படியே விடுவதும் தவறுதான். தண்ணீர் பலகையின் முகத்தில் நுழைவதில்லை, ஓரத்திலும் ஆணி ஓட்டையிலும் நுழைகிறது. ஒவ்வொரு ஓரத்துக்கும், துளைத்த ஒவ்வொரு ஓட்டைக்கும் எபாக்ஸி பூசிக் காய்ந்த பிறகே திருகாணி. கூரை இணைப்புக்குச் சிலிக்கான் வேண்டாம். பழைய சிலிக்கான் மேல் எதுவும் ஒட்டாது, பெயின்டும் பிடிக்காது. பியு (பாலியூரித்தேன்) சீலன்ட் போடுங்கள்.

மழையை நிறுத்திவிட்டு உள்ளே காற்றோட்டத்தை மறந்தால் ஈரம் வேறு வழியில் வரும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவில் உறைபனி விழுகிற இரவில், அந்தச் சின்னப் பெட்டிக்குள் இரண்டு பேர் விடுகிற மூச்சு டம்ளர் கணக்கில் நீராகிக் கூரையில் கோத்து, இரும்புச் சட்டம் தொடுகிற இடமெல்லாம் சொட்டும். மெத்தையின் அடிப்பக்கம் பூசணம் பிடிக்கும். சட்டத்துக்கும் உள்பலகைக்கும் நடுவே ஃபோம் வையுங்கள், மெத்தைக்கு அடியில் காற்றுப் போக இடைவெளி விடுங்கள், குளிரானாலும் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைப்பது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கொடைக்கானலில் அறைக்குள் கரி எரியவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். சிலிண்டர் வைக்கிற அறைக்குத் தரையோடு துளை வேண்டும், படுக்கை அறைப் பக்கம் இடுக்குக்கூட இருக்கக் கூடாது.

பின்கதவுக்கு அலமாரித் தாழ்ப்பாள் போடுகிறவர்கள் கோத்தகிரிக் கரடியை அறியாதவர்கள். விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெய்க்காகக் கோயில் கதவையே உடைக்கிறது அது. எண்ணெய்ப் பாட்டிலை ராத்திரியில் அடுப்படியில் விடாதீர்கள்.

வெல்டிங் தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். ட்ரெய்லரும் சட்டப்படி வாகனம்தான், பதிவு வேண்டும். கட்டி முடித்துப் பெயின்ட் அடித்த பிறகு போய்க் கேட்டால் மாற்றச் சொல்லும் எதையும் மாற்ற முடியாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நிறுத்தித் தங்க முடியாது. தெரிந்தவர்கள் எஸ்டேட்டிலோ தனியார் இடத்திலோ கேட்டு வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.