பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், வங்கிக் கணக்கு திறக்கவில்லை: என் அனுபவம்

புது நாட்டுக்கு வந்ததும் ஆன்லைனில் வங்கிக் கணக்கு திறக்கப் பார்த்தேன், 5 நாளாக 'அடையாளம் சரிபார்க்க முடியவில்லை' என்றே வந்தது. வெளிச்சத்தில் வைத்துப் புதிதாகப் படம் எடுத்தேன், வேறு போனில் முயன்றேன், பெயரைக் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்ற இரண்டு கட்டத்திலும் அப்படியே எழுதினேன். எதுவும் எடுபடவில்லை. உதவி எண்ணில் காத்திருங்கள் என்றார்கள்.

அப்புறம்தான் பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரிகளைப் பார்த்தேன். வரிக்கு 44 எழுத்து, கணினி படிப்பது அதைத்தான். முதல் வரியில் மூன்றெழுத்து நாட்டுக் குறியீடு, அடுத்து குடும்பப் பெயர், இரண்டு அம்புக்குறி (<<), பிறகு சொந்தப் பெயர். எனக்கு ஒரே பெயர் என்பதால் அது குடும்பப் பெயரின் இடத்தில் உட்கார்ந்திருந்தது, அம்புக்குறிகளுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை! நானோ அதை முதலில் சொந்தப் பெயர் கட்டத்திலும், பிறகு இரண்டு கட்டத்திலும் எழுதியிருந்தேன்.

குடும்பப் பெயர் கட்டத்துக்கு மட்டும் மாற்றி, கீழே சின்னதாக இருந்த 'ஒரே பெயர்தான்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பத்து நிமிடத்தில் கணக்கு திறந்தது. சரி, சிம், வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றிலும் இனி அதே வரிசைதான். ஆளுக்கு ஆள் வேறு மாதிரி இருக்கும், விண்ணப்பத்தைத் தொடும் முன் உங்கள் வரியைப் பாருங்கள்.