பழைய கம்ப்யூட்டருக்கு முதல் செலவு எஸ்.எஸ்.டி.

மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கம் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் டி.டி.பி. கடைகளில் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3 கம்ப்யூட்டர்கள் இன்னும் ஓடுகின்றன. அவை இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிராசசர் அல்ல, ஹார்டு டிஸ்க். காசை முதலில் எஸ்.எஸ்.டி.யில், அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கில் போடுங்கள். மிஞ்சினால் ரேம். கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம்.

2.5 அங்குல சாட்டா (டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் முறை) எஸ்.எஸ்.டி., 256 ஜி.பி. போதும். எச்61 வகை மதர்போர்டில் சாட்டா வேகமே 3 ஜிகாபிட்தான், அதனால் விலை கூடிய மாடல் வீண். பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

புதிதாக விண்டோஸ் போடுவது சுத்தமான வழி. ஆனால் பேஜ்மேக்கர் என்ற பழைய டிசைன் சாஃப்ட்வேரும் பழைய தமிழ் ஃபாண்டுகளும் இருக்கிற மெஷினில் அவற்றைத் திரும்ப ஏற்றுவது பெரும்பாடு. அங்கே குளோன்தான், அதாவது பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுப்பதுதான் சரி. முதலில் டிசைன் ஃபைல்களை வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பழைய போர்டுகளின் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் செட்டிங் பகுதி) சாட்டா மோடு பெரும்பாலும் ஐ.டி.இ. என்ற பழைய முறையிலேயே கிடக்கும். எஸ்.எஸ்.டி. முழு வேகத்தில் ஓட ஏ.எச்.சி.ஐ. என்ற புதிய முறை வேண்டும். நேராகப் போய் மாற்றினால் நீலத்திரை வரும், ஏனென்றால் ஏ.எச்.சி.ஐ. டிரைவரை விண்டோஸ் தொடக்கத்தில் ஏற்றாது. விண்டோஸ் 10-இல் இப்படிச் செய்யுங்கள்: விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்று டைப் செய்து திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட் டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் போய் ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றிச் சேமியுங்கள். சேஃப் மோடில் ஏறியதும் டிரைவர் தானாக அமர்ந்துவிடும். பிறகு அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். நீலத்திரை வந்தாலும் பதற வேண்டாம், ஐ.டி.இ.க்கே திருப்பினால் பழையபடி ஏறும், டேட்டா எங்கும் போகாது.

குளோனுக்கு டிஸ்க்ஜீனியஸ் என்ற சாஃப்ட்வேர் எனக்குப் பிடித்தது. அதில் சிஸ்டம் மைக்ரேஷன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சி டிரைவோடு பூட் பார்ட்டிஷனும் சேர்ந்து வரும். சி டிரைவை மட்டும் காப்பி செய்தால் பூட் ஆகாது. முடிந்ததும் பவரை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி, எஸ்.எஸ்.டி.யை மட்டும் வைத்து ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் பழையதிலிருந்தே ஏறி ஏமாற்றும்.

சாட்டா பவர் கனெக்டர் போதவில்லையா? டி.வி.டி. டிரைவின் கேபிளைப் பிடுங்கி இதில் போடுங்கள். கனெக்டருக்குள் ஒயர்களை பிளாஸ்டிக்கில் வார்த்து ஒட்டிய மலிவு மோலெக்ஸ் கன்வெர்ட்டரை (பழைய பவர் கனெக்டரைச் சாட்டாவாக மாற்றுவது) தொடாதீர்கள். உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்திருக்கிறது.

ரேம் வாங்கும்போது டி.டி.ஆர்.3 என்று மட்டும் கேட்டால் போதாது. மிக மலிவாகக் கிடைக்கும் சில 8 ஜி.பி. ஸ்டிக்குகள் ஏ.எம்.டி. போர்டுக்கு மட்டுமானவை, இன்டெல் போர்டில் டிஸ்ப்ளே வராது. உங்கள் போர்டில் போட்டுப் பார்த்தபின் பணம் கொடுங்கள். பழைய ஸ்டிக்கையும் கழற்றி, தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டுங்கள்.

பிற்சேர்க்கை: சேஃப் மோடில் பின் நம்பர் ஏற்காமல் சிலர் தவித்திருக்கிறார்கள். டிக் போடுவதற்கு முன்பே அக்கவுண்ட் பாஸ்வேர்டு ஞாபகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, இந்த மெஷின்கள் 11-க்குத் தகுதியும் பெறாது. பேஜ்மேக்கர் மெஷினை நெட்டிலிருந்து பிரித்து வையுங்கள். வெறும் பிரவுசிங் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போடுங்கள்.