இறைவன் மேல் பத்துப் பாட்டில் ஓர் அந்தாதி கட்டுவது எப்படி

முதன்முதலாக எழுதுபவர் நூறு பாட்டுள்ள நூற்றந்தாதிக்குப் போக வேண்டாம். கட்டளைக் கலித்துறை என்ற, எழுத்தெண்ணிப் பாடும் பாவகையில் பத்துப் பாட்டு, அதாவது பதிற்றந்தாதி, போதும்.

முதல் பாட்டைத் தொடங்கும் முன்பே பத்து ஈற்றுச் சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கம் என்பதால், தமிழ்ச் சொல்லின் முதலில் வராத ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளில் தொடங்கும் துண்டு மிஞ்சினால் வழி அடைபடும். பத்தாம் பாட்டின் ஈறு முதல் பாட்டின் முதல் சொல்லுக்கே திரும்ப வேண்டும், இதுதான் மண்டலித்தல். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் ஒன்பதாம் பாட்டில் திணறுவார்கள்.

இனி அளவு. நான்கு அடி, அடிக்கு ஐந்து சீர். சீர் என்பது அசை எனும் ஒலித்துண்டுகளால் ஆனது: ஒற்று நீங்கலாக ஓரெழுத்து அசை நேர், ஈரெழுத்து அசை நிரை. நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடிவது விளம், நேரில் முடியும் மூவசைச் சீர் காய். முதல் நான்கு சீரும் வெண்டளை, அதாவது சீரோடு சீர் இணையும் முறை, பிறழாமல் வரவேண்டும்: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். ஐந்தாம் சீர் விளங்காய், அதாவது நடுவசை நிரையாக உள்ள காய். அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையில் தொடங்கினால் 17. புள்ளி வைத்த ஒற்றெழுத்துகளை எண்ணக் கூடாது. பாட்டு ஏகாரத்தில் முடியும். அபிராமி அந்தாதியின் முதல் அடியை எண்ணிப் பாருங்கள்: 'உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்'. சீர்வாரியாக 4, 3, 2, 3, 5. சரியாக 17. அடுத்த அடிகள் மதிக்கின்ற, துதிக்கின்ற, விதிக்கின்ற என்று, இரண்டாம் எழுத்து ஒத்துவரும் எதுகையில் எழும். முதலெழுத்து நான்கிலும் குறில் என்பதைக் கவனியுங்கள்; ஓரடியில் நெடில் புகுந்தால் எதுகை நொண்டும்.

அதிகம் தவறுவது ஈற்றுச் சீரில்தான். 'அருளே' என்று முடித்தால் அது புளிமா. 'பெருந்தாயே' மூவசைதான், ஆனால் நடுவசை நேர், அது புளிமாங்காய். 'நின்னருளே' என்றால் நேர் நிரை நேர், கூவிளங்காய். அடுத்த பாட்டை 'அருள்' என்று எடுக்கலாம். சொல் அப்படியே வரவேண்டும் என்பதும் இல்லை. அபிராமி பட்டர் 'அறிந்தனமே' (அறிந்தோம்) என்று முடித்து 'அறிந்தேன்' என்று எடுக்கிறார். பலரின் அறிவு ஒருவரின் அனுபவமாகச் சுருங்கும் அழகைப் பாருங்கள்!

யாப்பு சரியாக இருந்தும் பாட்டு உயிரில்லாமல் கிடப்பதுண்டு. பாட்டும் பாட்டும் சேரும் மூட்டில் சொல் திரும்புகிறது, பொருள் திரும்பவில்லை என்பதே காரணம். அதற்குக் காரைக்கால் அம்மையாரிடம்தான் போகவேண்டும். 101 வெண்பா கொண்ட அற்புதத் திருவந்தாதியின் முதல் பாட்டு, பேசக் கற்ற நாள் முதலாய் உன் அடி சேர்ந்தேனே என்று சொல்லி, 'எஞ்ஞான்று தீர்ப்ப திடர்' என்று கேள்வியில் நிற்கிறது. இரண்டாம் பாட்டு அதே சொல்லை எடுக்கிறது: 'இடர்களையா ரேனும் எமக்கிரங்கா ரேனும்'. இறைவன் இடர் தீர்க்காவிட்டாலும், இரங்காவிட்டாலும், என் நெஞ்சு அன்பை விடாது என்கிறார். முறையீடாக இருந்த 'இடர்' ஒரு மூட்டைக் கடந்ததும் உறுதியாகிவிட்டது. இரண்டு பாட்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் பக்தி ஒரு படி ஏறியிருக்கிறது.

ஆகவே பத்து ஈற்றுச் சொல்லுக்கும் எதிரே இரண்டு குறிப்பு எழுதுங்கள்: முடிவில் அது என்ன சொல்கிறது, தொடக்கத்தில் என்ன சொல்லப்போகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தச் சொல்லை மாற்றுங்கள். இறைவனின் பெயர்களை அடுக்கி அடி நிரப்புவதும் இதே நோய்தான்; பெயரை எடுத்துவிட்டு வாசித்தால் எதுவும் குறையவில்லை என்றால் அது வெறும் இடம் அடைக்கும் சொல். முடித்தபின் பத்தையும் இடைவிடாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கு தட்டுகிற இடத்தில் பெரும்பாலும் தளை தட்டியிருக்கும்.