கிட்டார் எஃபெக்ட்டுக்கு மிடி ஃபுட் கன்ட்ரோலர், மேடை ஏறுறதுக்கு முன்னாடி செட் பண்ற விதம்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் திருவிழாவுக்கு வாசிக்கிற தம்பிமாருல நிறைய பேர்கிட்ட இப்ப மல்டி எஃபெக்ட் (பல எஃபெக்ட் ஒன்னா இருக்கிற பெட்டி) இருக்கு, ஆனா பாட்டு நடுவுல குனிஞ்சு கையால பட்டன் தேடுறத இன்னும் பாக்குறேன், நிமிந்து பாக்குறதுக்குள்ள பாடகர் சரணத்துக்கு போயிடுறாரு. அந்த வேலைய காலுக்கு குடுக்கத்தான் ஃபுட் கன்ட்ரோலர்.

முதல்ல ஒன்ன புரிஞ்சுக்கங்க, இதுக்குள்ள சத்தம் எதுவும் இல்ல, கிட்டார் வயர் இதுக்குள்ள போறதே இல்ல. மிதிச்சா நம்பர் அனுப்பும், அவ்வளவுதான். அந்த நம்பர் வந்தா என்ன செய்யணும்னு எஃபெக்ட் யூனிட்டுக்குத்தான் சொல்லி வைக்கணும். மிடிங்கிறது இசை சாமான்கள் ஒன்னோட ஒன்னு பேசிக்கிற மொழி, 1983ல வந்தது, இன்னைக்கும் அதே பேச்சுதான் பேசுது, அதனால பழைய செகண்ட் ஹேண்ட் கன்ட்ரோலர் கிடைச்சாலும் பயப்படாம வாங்கலாம், சுவிட்சும் பெடலும் நல்லா இருக்கான்னு மட்டும் பாருங்க.

கனெக்‌ஷன் லேசு. கன்ட்ரோலரோட அவுட்ல இருந்து யூனிட்டோட இன்னுக்கு 5 பின் கேபிள். கேபிள் 15 மீட்டருக்கு மேல வேணாம். சின்ன பெடல்கள்ல 5 பின்னுக்கு பதிலா 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக் வரும், அதுல டைப் ஏ, டைப் பி னு ரெண்டு விதமா வயரிங் இருக்கு, உங்க பெடல் எதுன்னு பாத்துட்டு அடாப்டர் வாங்குங்க, மாறிட்டா ஒன்னும் எரியாது ஆனா வேலையும் செய்யாது. இன்னொன்னு யூஎஸ்பி. கன்ட்ரோலர்லயும் யூஎஸ்பி இருக்கு யூனிட்லயும் யூஎஸ்பி இருக்குன்னு ரெண்டையும் நேரா சொருகி வேலை செய்யலன்னு என்கிட்ட கேட்டவங்க பல பேரு, பெரும்பாலும் ரெண்டுமே கம்ப்யூட்டர எதிர்பாக்குற சாமான், நடுவுல கம்ப்யூட்டர் மாதிரி ஒரு ஹோஸ்ட் இல்லாம பேசிக்காது. 5 பின் வழி இருந்தா அதையே போடுங்க, அதுல உள்ள ஒளி மூலமா சிக்னல் கடத்துற ஐசி இருக்கு, அதனால மிடி கேபிள் வழியா ஹம் சத்தம் வராது.

அடுத்தது சேனல். 1ல இருந்து 16 வரை இருக்கு, ரெண்டு பக்கமும் ஒரே நம்பர்ல இருக்கணும். ரெண்டு மூணு பெடல் இருந்தா ஒன்னோட த்ரூல (உள்ள வந்தத அப்படியே வெளிய விடுற ஓட்டை) இருந்து அடுத்ததோட இன்னுக்கு போட்டு ஆளுக்கொரு சேனல் குடுங்க.

இனி முக்கியமான இடம். கன்ட்ரோலர் ரெண்டு விதமா பேசும். புரோகிராம் சேஞ்ச் முழு பிரிசெட்டையும் (சேவ் பண்ணி வச்ச மொத்த செட்டிங்) மாத்தும், 0 முதல் 127 வரை 128 இருக்கு. கன்ட்ரோல் சேஞ்ச், சுருக்கமா சீசீ, பிரிசெட்டுக்குள்ள ஒரே ஒரு விசயத்த மாத்தும், டிலே (எதிரொலி) ஆன் ஆஃப், வா-வா எஃபெக்ட், வால்யூம் இப்படி. என் முடிவு இதுதான்: பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல புரோகிராம் சேஞ்ச், பாட்டுக்குள்ள சீசீ மட்டும். ஏன்னா பல யூனிட்ல பிரிசெட் மாறும்போது சின்னதா ஒரு வெட்டு விழும், டிலேயோட வாலும் அறுந்து போயிடும், சரணம் முடிஞ்சு இழுத்து விட்ட நோட்டு அப்படியே செத்துப்போனா கேக்குறவங்களுக்கும் தெரியும். இதுக்கு மிடி ஸ்லோன்னு சொல்றாங்க, அது சரியில்ல. செக்கனுக்கு 31,250 பிட் போகுது, ஒரு சீசீ மெசேஜ் போய்ச்சேர 1 மில்லிசெக்கன் கூட ஆகாது, லேட் ஆகுறது யூனிட் உள்ளுக்குள்ள பிரிசெட்ட லோட் பண்றதுலதான்.

புரோகிராம் நம்பர்ல ஒரு குழப்பம் இருக்கு, சில சாமான் 0ல இருந்து எண்ணும், சிலது 1ல இருந்து. எனக்கு இது ஒரு தேர்த் திருவிழாவுல நடந்தது, இரவல் யூனிட், சவுண்ட் செக் பண்ண நேரம் குடுக்கல, சோலோவுக்கு மிதிச்சா பக்கத்து பிரிசெட் வந்து நிக்குது, அன்னைக்கு ராத்திரி பூரா எல்லாத்தையும் ஒன்னு தள்ளி மிதிச்சே வாசிச்சு முடிச்சேன். வீட்டுலயே எல்லா சுவிட்சையும் மிதிச்சு பாத்துடுங்க.

சீசீல ஆன் ஆஃப்க்கு வழக்கமா 0 முதல் 63 வரை ஆஃப், 64 முதல் 127 வரை ஆன். கன்ட்ரோலர டாகிள்ல வைக்கணும், ஒரு மிதிக்கு 127, அடுத்த மிதிக்கு 0. சில மாடல்ல கம்பெனில இருந்து வர்ற மாதிரியே வச்சா இது வராது, உதாரணமா பெரிங்கர் எஃப்சிபி1010ங்கிற கன்ட்ரோலர்ல 100 பிரிசெட்டும் ரெண்டு பெடலும் இருந்தாலும் ஒவ்வொரு பிரிசெட்டும் ஒரே வேல்யூவத்தான் அனுப்பும், அதுக்குத்தான் யூனோ ங்கிற வேற சிப்ப போடுறாங்க.

சுவிட்ச் அடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தாள எடுத்து உங்க காலுக்கு நெசமா எத்தன வேலை இருக்குன்னு எழுதுங்க. எனக்கு ஆறுதான் வந்தது: டிரைவ், சோலோ பூஸ்ட், டிலே, கோரஸ், டெம்போ தட்டுறது, டியூனர். அவசரத்துல மிதிக்கிறத கீழ் வரிசை மூலைல வைங்க, மூலைய பாக்காமலே கால் கண்டுபிடிக்கும். டியூனர் சத்தத்த மியூட் பண்ணும், அத மேல் வரிசைல தூரமா தள்ளுங்க. எல்லா பிரிசெட்லயும் அதே சுவிட்ச் அதே வேலை, மெலடி பாட்டானாலும் சரி கடைசில வர்ற பைலா மெட்லியானாலும் சரி, இத மாத்தவே மாத்தாதீங்க. கோயில் வளவுக்குள்ள மேடைன்னா சப்பாத்து கழட்டிட்டுத்தான் ஏறுவோம், வெறுங்கால்ல சுவிட்சோட உணர்வே வேற, அதனால வெறுங்கால்லயும் பழகுங்க. வெள்ளை டேப் ஒட்டி பேர பெருசா எழுதுங்க, அந்த வெளிச்சத்துல சின்ன எழுத்து தெரியாது.

எக்ஸ்பிரஷன் பெடல (கால்ல சாய்ச்சு சாய்ச்சு அளவ கூட்டிக் குறைக்கிற பெடல்) யூனிட்ல சேக்குறதுக்கு முன்னாடி காலிபிரேட் பண்ணுங்க, குதிகால் அமுக்குனா 0, விரல் பக்கம் அமுக்குனா 127 வருதான்னு பாக்கணும். வால்யூமுக்கு சீசீ 7 இல்லாட்டி 11 போடுறது வழக்கம். வால்யூம் பிளாக்க டிரைவுக்கு பிறகு, டிலேக்கு முன்னாடி வச்சா சத்தம் குறையும்போது டிரைவோட குணம் மாறாது, டிலே வாலும் தானா ஓய்ஞ்சு போகும். டிரைவுக்கு முன்னாடி வச்சா கிட்டார் வால்யூம குறைக்கிற மாதிரி டிரைவும் சேந்து குறையும், அதுவும் சில பாட்டுக்கு அழகுதான்.

டிலே டைமுக்கு கணக்கு சொல்றேன், 60,000த்த பீபீஎம்மால (நிமிசத்துக்கு எத்தன பீட்ங்கிற நம்பர்) பிரிங்க. 120ன்னா 500 மில்லிசெக்கன், டாட்டட் எட்டு வேணும்னா அதுல முக்கால், 375. கீபோர்ட்ல இருந்து மிடி கிளாக் வந்தா ஒரு பீட்டுக்கு 24 தடவ தட்டும், யூனிட் தானா பிடிச்சுக்கும், ஆனா நம்ம கோஷ்டிகள்ல டிரம்ஸ் ஆள் வேகம் கூட்டிக் குறைப்பாரு, அதனால கால்ல தட்டுறதே எனக்கு நம்பிக்கை.

சோலோ பூஸ்ட்ட ஹெட்போன்ல வச்சு முடிவு பண்ணாதீங்க. கோஷ்டியோட முழு சத்தத்துல வச்சு 3 டெசிபல் அளவுல ஆரம்பிங்க, போதலன்னா ஏத்துங்க.

இனி நம்ம ஊர் பிரச்சினை. ஜெனரேட்டர்ல லைட்டும் சவுண்டும் ஒன்னா ஓடுனா கரண்ட் ஒரு நொடி விழுந்தாலே யூனிட் ரீஸ்டார்ட் ஆகும். லைட்டுக்கு போற பிளக் பேஸ்ல சொருகாதீங்க, முடிஞ்சா சின்ன யூபிஎஸ் ஒன்னு வைங்க, இந்த சாமான்லாம் கொஞ்சம்தான் இழுக்கும். ரீஸ்டார்ட் ஆன பிறகு கன்ட்ரோலர்ல எரியுற லைட்ட நம்பாதீங்க, ஒரு கேபிள்ல மிடி ஒரு பக்கமாத்தான் போகுது, டிலே ஆன்ல இருக்குன்னு கன்ட்ரோலர் நினைக்கும், யூனிட் ஆஃப்ல நிக்கும். பிரிசெட்ட ஒரு தடவ திரும்ப மிதிங்க, ரெண்டும் சேந்துக்கும். நுவரெலியா பக்கம் ராத்திரி மேடைல பனி இறங்கி சாமான் மேலயே நனையும், வாசிக்காத நேரம் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுங்க, குளிர்ல இருந்து சூடான ஹோலுக்குள்ள கொண்டுபோனா பைய உடனே திறக்காம அரை மணி நேரம் விட்டு திறங்க.

எல்லாம் சரியா வந்த அன்னைக்கே கன்ட்ரோலர்ல இருக்கிற செட்டிங் மொத்தத்தையும் மிடி வழியா அனுப்புற சிஸ்எக்ஸ் டம்ப்பா கம்ப்யூட்டர்ல சேவ் பண்ணிட்டு, அதையே ஒரு தாள்லயும் எழுதி கிட்டார் பைக்குள்ள போடுங்க. யூனிட்டோட முதல் பிரிசெட்ட மட்டும் எந்த பாட்டுக்கும் சமாளிக்கிற சத்தமா வச்சிருங்க, கேபிள் அறுந்தா அதுலயே மிச்ச ப்ரோகிராம வாசிச்சு முடிக்கலாம்.