இறங்கிய எடை ஏன் திரும்பி ஏறியது?

பட்டினி டயட் தொடங்கிய வாரமே எடை சட்டென்று இறங்கும். எனக்கும் இறங்கியது. ஆனால் போனதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். மாவுச்சத்தை வெட்டினால் இரண்டும் சேர்ந்தே போகும். பழையபடி சாப்பிட்டால் சேர்ந்தே திரும்பும்.

அதைவிடப் பெரிய தொல்லை பசி. எடை குறைந்தால் பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடுகிறது, ஓய்வில்கூட உடல் கலோரியைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை அரைப்பட்டினியில் வைத்து ஆய்வு செய்தார். அவர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புதான். 'உனக்கு மன உறுதி போதாது' என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் இதைப் படித்திருக்கலாம்!

சரி, எனக்குக் கைகொடுத்தது எது? எந்த வேளையையும் விடவில்லை. தட்டில் பாதி காய்கறி, கூடவே கொஞ்சம் புரதம். வயிறு நெடுநேரம் தாங்கியது. இனிப்புப் பானங்களை நிறுத்தினேன். பிடித்த பண்டத்தைத் தடை செய்யாமல் அளவை மட்டும் குறைத்தேன். எடை அசையாத வாரங்களும் உண்டு, எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இம்முறை குறைந்தது இன்னும் திரும்பி வரவில்லை.